வளவைக் கடக்கும் ஒளியிழை

கடலின் அடித்தளத்திலே பல்லாயிரம் கிலோமீற்றர் கிடந்து செய்தி சுமந்துவரும் கண்ணாடி இழை, நம் வீட்டுப் படலையிலிருந்து தலைவாசல் வரையுள்ள நூறடித் தூரத்தைக் கடக்கும்போது எத்தனையோ முறை பழுதுபட்டு விடுகின்றது. இதனைச் சொல்பவன் பொறியியலாளன் அல்லன். வரலாறும் இலக்கியமும் கற்றுப் பாடசாலையொன்றை நடத்தி வருபவன். ஆயினும் எம் வளவில் இவ்விழை இருமுறை அறுந்தது. மூன்றாம் முறை அதனை இடுவித்தபோது, பணியாளர் அருகில் நின்று கேட்டும் பார்த்தும், பின்னர் நூல்களிற் படித்தும் அறிந்தவற்றை இன்று நேயர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஒளி நேர்கோட்டிற் செல்வதென்று சிறுவயதிற் படித்தோம். அவ்வாறாயின், வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் இழையினூடு அஃது எங்ஙனம் செல்லும்? 1841இல் செனீவா நகரில் டானியல் கொலடன் என்னும் அறிஞர் இதற்குரிய விடையைக் கண்ணாற் காணக் காட்டினார். தொட்டியொன்றின் துவாரத்தினூடு பாய்ந்து வளைந்து விழும் நீர்த்தாரையினுள் அவர் ஒளியைச் செலுத்தியபோது, ஒளி நீரை விட்டு வெளியேறாது நீரோடு வளைந்தே கீழிறங்கியது. 1854இல் இலண்டன் மாநகரில் ஜோன் திண்டால் என்பாரும் இத்தகைய காட்சியொன்றை அவையோர் முன்னிலையிற் செய்து காட்டினார். நீரினுட் செல்லும் ஒளி, நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையை மிகச் சாய்வாகத் தாக்கும்போது, அவ்வெல்லையைக் கடவாது முற்றாக உள்ளேயே திரும்புகின்றது. முழு அகத்தெறிப்பு என்று விஞ்ஞான நூல்கள் இதனைக் கூறும். கேணியில் மூழ்கியிருந்து சாய்வாக மேலே நோக்கியவர்கள், நீர்ப்பரப்பின் அடிப்புறம் முகம்பார்க்கும் கண்ணாடிபோல் மின்னுவதைக் கண்டிருப்பர். அதுவும் இதுவே.

நீர்த்தாரைக்குப் பதிலாக மெல்லிய கண்ணாடி இழையைக் கொள்வோம். நடுவே ஒருவகைக் கண்ணாடி. அதனைப் போர்த்தி, ஒளியின் வேகத்தைச் சிறிதே குறைவாகத் தடுக்கும் இன்னொரு வகைக் கண்ணாடி. நடுவிற் புகுந்த ஒளி போர்வையில் மோதி மோதி உள்ளேயே திரும்பி ஓடும். கருத்து எளிது, கண்ணாடிதான் இடந்தரவில்லை. அக்காலத்துக் கண்ணாடியிற் சில மீற்றர் செல்வதற்குள்ளேயே ஒளியின் பெரும்பகுதி மடிந்துவிடும். 1966இல் இங்கிலாந்தின் ஹாலோ என்னும் ஊரிலிருந்த ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த சார்ள்ஸ் காவோ, ஜோர்ஜ் ஹொக்கம் ஆகிய இருவரும், குற்றம் கண்ணாடியின் இயல்பில் அன்று, அதிற் கலந்துள்ள மாசிலேயே உள்ளதென்று எடுத்துக்காட்டினர். கிலோமீற்றர் ஒன்றைக் கடந்தபின் நூற்றிலொரு பங்கு ஒளி எஞ்சினாலே செய்தித் தொடர்புக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1970இல் அமெரிக்காவிலுள்ள கோணிங் நிறுவனத்து ஆய்வாளர் மூவர் அவ்வளவை எட்டினர். இன்றைய சிறந்த இழையில் ஒளி பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வேண்டும். காவோ 2009இல் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசைப் பெற்றார்.

இத்துணைத் தூரம் செல்லவல்ல ஒளி நம் வளவில் ஏன் தடுமாறுகின்றது? இழையின் அளவை முதலில் நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றர். கண்ணாடிப் போர்வையையுஞ் சேர்த்தால் 125, அதாவது மில்லிமீற்றர் ஒன்றின் எட்டிலொரு பங்கு. தலைமயிரை ஒத்த இவ்விழை ஓரளவுக்கு நன்றாகவே வளையும். ஆனால் வளைவு மிகக் குறுகினால், ஒளி எல்லையைத் தாக்கும் சாய்வு மாறிவிடுகின்றது. தெறித்துத் திரும்பவேண்டிய ஒளி வெளியே கசிகின்றது. வடம் அறுந்திராது, உறை கீறுண்டிராது. ஆயினும் வீட்டிலுள்ள பெட்டியிற் சிவப்பு விளக்கு எரியும். மேலும், நிலையத்திலிருந்து வரும் ஓரிழையின் ஒளியை வழியிற் பகுத்து 32 வீடுகட்கு அளிப்பது பொதுவான முறைகளுள் ஒன்று. அவ்வாறாயின் நம் பங்காக வருவது முப்பத்திரண்டில் ஒன்றினும் குறைவு. ஏற்கெனவே அளந்து ஊற்றிய பாலை நாம் வழியெல்லாம் சிந்திக்கொண்டு வரலாமா?

பழைய வகை இழைகளில் வளைவின் ஆரை 3 சென்ரிமீற்றரிலும் குறைதல் ஆகாது. சுருட்டி வைத்தால், அச்சுருள் தேநீர்க் கோப்பையின் வாயளவேனும் இருத்தல் வேண்டும். வீடுகட்கென வந்துள்ள புதுவகை இழைகள் 1 சென்ரிமீற்றர் ஆரையையும், சில அதனினும் சிறியதையும் பொறுக்கும். எவ்வகை நம் வீட்டுக்கு வந்துள்ளதென்று அறியாதவர்கள் தேநீர்க் கோப்பையையே அளவாக வைத்துக்கொள்வது நன்று. வடத்தைச் சுவரில் ஆணியடித்து நசுக்குவதும், பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்கிக் கட்டுவதும் இதே கேட்டை விளைவிக்கும்.

இனி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னைச் செப்புக்கம்பித் தொலைபேசி இருந்த வீடுகளில், ஐப்பசி மாதத்து இடிமழையின்போது மின்னல் கம்பிவழியே வந்து தொலைபேசியையும் கணினியையும் எரித்துவிட்டுப் போனதுண்டு. கண்ணாடி மின்னைக் கடத்தாது. இது பெரியதொரு நன்மை. ஆனால், அந்தரத்திற் கட்டப்படும் வடத்தைத் தாங்குவதற்காக அதனோடு ஓர் உருக்குக் கம்பி ஒட்டியிருப்பது வழக்கம். கண்ணாடி கடத்தாததை அவ்வுருக்குக் கம்பி கடத்தும். அதனை வீட்டின் வெளிச்சுவரிலுள்ள கொளுக்கியோடு நிறுத்தி, இழையுள்ள பகுதியை மட்டும் பிரித்து உள்ளே கொண்டுசெல்லல் வேண்டும். நிலத்தினுள் இடுவதாயின் உலோகமே இல்லாத வடத்தைக் கேட்டுப் பெறலாம். இவ்வளவுஞ் செய்தாலும், அப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். இடி முழங்கும்போது அதன் செருகியைக் கழற்றிவிடும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் ஆகாது.

வளவைக் கடக்க இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று அந்தரம், மற்றது நிலம். அந்தரத்திற் கட்டுவது விரைவு, செலவுங் குறைவு. தெருவோரத் தூணிலிருந்து வீட்டு முகட்டுக்கு ஒரு மணி நேரத்தில் இழுத்துவிடுவர். எம் வீட்டுக்கும் முதலில் அவ்வாறே வந்தது. வடம் சென்ற வழியில் ஒரு பனை நின்றது. பனைமட்டையின் இருபுறக் கருக்கும் வாட்பல் போன்றது என்பது யாவரும் அறிந்ததே. சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் தொங்கிய மட்டையொன்று வடத்தின்மீது இராப்பகலாக உராய்ந்தது. ஆவணி முடியுமுன் இழை அறுந்தது. தென்னை நிற்கும் வளவுகளில் ஓலையும் தேங்காயும் விழும். தைப்பொங்கற் காலத்திற் பட்ட நூல் சிக்கும். அணில் உறையைக் கொறிக்கும். எனினும் மரமில்லாத திறந்த வளவுக்கு அந்தர வழி தக்கதே. அங்கும் வடத்தை வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டாது சிறிது தொய்ய விடுதல் வேண்டும். படலைக்கு மேலே, வைக்கோல் ஏற்றிய வண்டி தட்டாத உயரமும் வேண்டும்.

பனையால் அறுந்தபின் நிலத்தில் இடுவதென்று தீர்மானித்தோம். அப்போது நான் செய்த பிழை, வேலியோரமே காவலான இடம் என்று எண்ணியது. குழாய்கூட இல்லாமல், ஒரு சாண் ஆழத்தில், வேலி அடியோடு வடத்தைப் புதைப்பித்தேன். நம் ஊரில் வேலி அடி என்பது அலவாங்கின் வீதி என்பதை மறந்தேன். பட்ட பூவரசங் கதியாலைப் பிடுங்கிப் புதுக் கதியால் நாட்டவந்தவர் மூன்றாவது குழியிலேயே இழையை அறுத்தார். தவறு அவருடையதன்று. அங்கே வடம் கிடப்பதை அவருக்குச் சொல்வார் இல்லை. திருத்த ஆள் வர ஒன்பது நாளாயிற்று. கனடாவிலுள்ள பேரப்பிள்ளையைத் திரையிற் காண்பதற்காகச் சனிக்கிழமைதோறும் எங்கள் விறாந்தைக்கு வரும் அண்டைவீட்டு ஆச்சி, அச்சனிக்கிழமையும் தலைவாரி, வெள்ளைச் சேலை உடுத்து வந்தார். விடயத்தைச் சொன்னேன். "பரவாயில்லை, தம்பி" என்று சொல்லிச் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனார். வடத்தை ஒழுங்காக இடுவிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது அன்றுதான்.

பணியாளர் வருமுன் குழாய் பதித்து வைப்பது வீட்டுக்காரனின் வேலை என்று கொள்வதே நலம். வேலியிலிருந்து மூன்று நான்கு அடி விலகி, கிணறு, மலசலகூடக் குழி, பலாமரத்து வேர் ஆகியவற்றைத் தவிர்த்து, இயன்றவரை நேரான வழியொன்றைக் கயிறு பிடித்துக் குறித்தல் வேண்டும். ஆழம் ஒன்றரை அடி முதல் இரண்டடி. வலிகாமத்துச் செம்மண்ணில் அலவாங்கு சில இடங்களில் முக்காலடியிலேயே சுண்ணாம்புக் கல்லில் முட்டும். அங்கே கல்லோடு போராடி இடுப்பை முறித்துக்கொள்ள வேண்டுவதில்லை. எட்டிய ஆழத்திற் குழாயைக் கிடத்தி, மேலே சீமெந்துக் கலவையால் மூடிவிடலாம். போர் நடந்து மீளக் குடியேறிய பகுதிகளில், இதுவரை தோண்டாத நிலத்தில் ஆயுதம் உலோகத்தில் முட்டினால், தோண்டுவதை உடனே நிறுத்திவிட்டுக் காவற்றுறைக்கு அறிவித்தல் வேண்டும். இதில் அவசரமோ வெட்கமோ கூடாது.

குழாய் ஓர் அங்குல விட்டமுள்ள பீவீசீ குழாயாக இருக்கலாம். ஒன்றேகாலாயின் இன்னும் நன்று. அடியிலும் மேலும் கல் நீக்கிய மணல் இடுக. திரும்பும் இடங்களில், நீர்க்குழாய்க்குப் போடும் செங்கோண எல்போவைப் போடுதல் ஆகாது. அந்த மூலையில் வடம் சிக்கும். இழுத்தால் இழை நசியும். குழாயினுள் மணலை நிறைத்து அனலிற் காட்டி, மாட்டுக்கொம்புபோல் மெல்ல வளைத்தெடுப்பது நம் ஊர்க் கைவினைஞர் அறிந்த வித்தை. ஒவ்வொரு குழாய்த் துண்டையும் பொருத்தும்போதே அதனூடு நைலோன் கயிறொன்றைக் கோத்துக்கொண்டு போதல் வேண்டும். பின்னர் அக்கயிற்றில் வடத்தின் நுனியைக் கட்டி ஒருவர் இழுக்க, மறுமுனையில் நிற்பவர் மெல்லத் தள்ளிக்கொடுத்தால் வடம் வந்துசேரும். கட்டும்போது உறையிலோ இழையிலோ கட்டாமல், வடத்தினுள் வலுவுக்காக வைத்துள்ள நார்க்கம்பியிற் கட்டுதல் வேண்டும். முழுப் பலத்தோடு இழுப்பது மடைமை. குழியைப் பாதி மூடியபின் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் நாடாவொன்றை நீளமாக விரித்து மீதியை மூடினால், பின்னாளில் மண்வெட்டி பிடிப்பவர் கண்ணுக்கு அது முதலிற் படும்.

மழைநீர் வடத்தைப் பற்றி ஓடி வீட்டுக்குள் வரும். ஆதலின் சுவரில் இடும் துவாரம் வெளிப்புறம் தாழ்ந்து சாய்ந்திருத்தல் வேண்டும். வடமும் துவாரத்துக்குக் கீழே ஒரு சாண் தொங்கி வளைந்து பின் மேலேறிப் புகுதல் வேண்டும். நீர் அவ்வளைவின் அடியிற் சொட்டிவிடும். குழாயின் இரு வாயையும் அடைத்துவிடுக. எலியும் எறும்பும் இத்தகைய வீட்டைத் தேடித் திரிவன. இரு முனையிலும் ஐந்தாறடி வடத்தை மேலதிகமாகச் சுருட்டி வைத்தால், நுனி பழுதானாலும் முழு வடத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இழையின் நுனியை வெட்டிப் பொருத்தும் வேலையைப் பயின்றவரிடமே விடுதல் வேண்டும். அவர் இரு கண்ணாடி நுனிகளையும் சிறிய கருவியொன்றினுள் எதிரெதிரே வைத்து, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்கும் காட்சி பார்க்கத்தக்கது. அப்போது வெட்டியெறியும் இழைத்துண்டு கண்ணுக்குத் தெரியாத ஊசி. வெறுங்காலோடு பிள்ளைகள் திரியும் முற்றத்தில் ஒன்றேனும் விழாதபடி, ஒட்டுநாடாவில் ஒற்றியெடுத்துப் போத்தலில் இட்டு அகற்றும்படி கேட்பது நம் உரிமை. இழையில் வரும் ஒளி கண்ணுக்குப் புலனாகாத செந்நிறத்துக்கு அப்பாற்பட்டது. ஒளி வருகின்றதா என்று நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தல் கூடாது. செருகியின் முனையை விரலால் தொடவும் வேண்டா. 9 மைக்கிரோமீற்றர் வழியை அடைக்கத் தூசியொன்றே போதும்.

வடம் அயலவர் காணிக்கு மேலாகவோ கீழாகவோ செல்ல நேர்ந்தால் முன்கூட்டியே அவரிடம் கேட்டு இசைவு பெறுவது நன்று. ஓரடி வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறும் நாட்டவர் நாம். ஒரு நூலிழைக்காக இன்னொரு வழக்கு வேண்டாமே.

வேலை முடிந்ததும் நான் பள்ளிப்பிள்ளைகளின் கணிதக் கொப்பித் தாளொன்றில் வளவின் படத்தை வரைந்தேன். கிணற்றுக் கட்டின் மூலையிலிருந்து இத்தனை அடி, வீட்டின் வடமேற்கு மூலையிலிருந்து இத்தனை அடி என்று, நிலைத்துநிற்கும் பொருள்களிலிருந்து அளந்து குழாயின் வழியையும் ஆழத்தையும் குறித்துக் காணி உறுதியோடு சேர்த்து வைத்தேன். பிரதியொன்று சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றது. சென்ற மாரிக்கு முன் வாழைக்குட்டி நட வந்தவர், கிடங்கு வெட்டுமுன் அத்தாளைப் பார்த்துவிட்டு, நான் காட்டிய இடத்திலிருந்து நான்கடி தள்ளி மண்வெட்டியைப் போட்டார்.