பொலிகிடாவும் மரபியலும்

வெள்ளாட்டை ‘ஏழையின் பசு’ என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது பசு மட்டுமன்று, வங்கியும்கூட. 2023-ஆம் ஆண்டு இக்கல்லூரியில் சேர நான் கட்டிய பணம், அதற்கு முந்தைய சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் விற்ற இரண்டு கிடாக்குட்டிகளின் விலையாகும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே ஆட்டைப் பற்றி எழுத எனக்கு ஓரளவு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். ஆடுகள் கன்னி இனத்தவை. கறுத்த உடலும், முகத்தில் இருபுறமும் கோடும் உடையவை. கோடு வெள்ளையானால் பால்கன்னி, சிவப்பானால் செங்கன்னி. இரட்டைக்குட்டி ஈனுவதில் பேர் பெற்ற இனம் இது. வேலிக்கருவை நெற்றும் கொஞ்சம் குழையும் கிடைத்தால் போதும், வறட்சியையும் தாங்கிவிடும்.

2020-இல் எங்கள் பட்டியிலேயே பிறந்த ஓர் அழகான குட்டியை அப்பா பொலிகிடாவாக நிறுத்திக்கொண்டார். கிடா வாங்கும் செலவு மிச்சமாயிற்று. நான்கு ஆண்டுகள் அதுவே பட்டியை ஆண்டது. அதற்குள் அதன் மகள்களும் பருவத்துக்கு வந்துவிட்டன. அதைப் பற்றி எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

2024 தை மாத ஈற்றில் பதினொரு ஆடுகள் பன்னிரண்டு குட்டிகளே போட்டன. நான்கு குட்டிகள் ஒரு வாரத்துக்குள் இறந்தன. அவற்றுள் இரண்டுக்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்தது. காம்பைக் கவ்வ முடியவில்லை. ஆச்சி சங்கில் பால் புகட்டிப் பார்த்தார், பிழைக்கவில்லை. கண்ணேறு என்றார் ஆச்சி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தையே மூழ்கடித்த பெருமழைதான் காரணம் என்றார் அப்பா. மழையால் ஆடு மெலியலாம், குட்டிக்குச் சளி பிடிக்கலாம். தாடை எப்படி நீளும்? அவ்வாண்டு விற்கக் குட்டியில்லாமல், ஈனக்கூடிய பெட்டைகள் இரண்டை விற்றுத்தான் என் இரண்டாம் ஆண்டுச் செலவு நடந்தது. விதைநெல்லைத் தின்பது போன்றது அது.

விடை எனக்கு ஆடி மாதம் மரபியல் வகுப்பில் கிடைத்தது. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு எழுதியதை ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டின் ஓரத்தில் எங்கள் கிடாவைப் போட்டுப் பார்த்தேன். கிடாவின் உடலில் ஒரு குறை ஒடுங்கிக் கிடக்கிறதென்று கொள்வோம். வெளியே தெரியாது. அதன் மகள்களில் ஏறக்குறையப் பாதி அக்குறையைச் சுமக்கும். அந்த மகளோடு தந்தையே சேர்ந்தால், பிறக்கும் நான்கில் ஒன்றில் குறை வெளிப்படும். ஆக, மகள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டுக் குட்டிக்கு ஒன்று. இது ஒரேயொரு குறைக்கு மட்டும். ஒடுங்கிக் கிடப்பவை எத்தனையோ! (இவ்விடத்தில் அத்தை மகள், மாமன் மகள் கதையை எடுக்கும் நண்பர்களுக்கு: அது வேறு கட்டுரை.)

வீட்டில் சொன்னபோது அப்பா, “ஏலே, நம்ம கிடாவுக்கு என்ன குறைச்சல்?” என்றார். வாதம் செய்யவில்லை. எந்த ஆடு எந்தக் கிடாவின் மகள் என்று ஆச்சியிடம் கேட்டு எழுதினேன். எழுத்தறியாத ஆச்சி பதினொரு ஆட்டுக்கும் தாய் தகப்பன் சொன்னார். இறந்த நான்கு குட்டிகளில் மூன்றின் தாய், கிடாவின் சொந்த மகள். அப்பா பட்டியலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய கிடாவைப் பொலிவுக்குக் கேட்டு ஒருவர் நல்ல விலை சொன்னார். நான் வாய் திறக்குமுன் அப்பாவே, “இன்னொருத்தன் வீட்டுக் குட்டியும் பால் குடிக்க முடியாம சாகணுமா?” என்று மறுத்து, கறிக்குக் குறைந்த விலைக்கு விற்றார்.

புதுக் கிடா தேடுகையில் நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இரட்டையில் ஒன்றாகப் பிறந்ததா, தாய்க்குப் பால் உண்டா, விதைகள் இரண்டும் சமமாக உள்ளனவா, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, எங்கள் ஆட்டோடு உறவில்லாத பட்டியில் இரண்டு பல் போட்ட கிடா கிடைத்தது. இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு இப்படி ஒரு கிடா போதும். கிடாக்குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே தாயையும் உடன்பிறந்தவற்றையும் துரத்தத் தொடங்கிவிடுமாதலால், மூன்று மாதத்தில் அவற்றைப் பிரித்துக் கட்டுகிறோம்.

சினைக்காலம் சுமார் 150 நாள். ஆவணியில் சேர்ந்தவை 2025 தை மாதம் ஈன்றன. ஒன்பது ஆடுகள், பதினைந்து குட்டிகள். இறந்தது ஒன்றே, அதுவும் நாய் கடித்து. ஓர் ஈற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆயினும் தாடை நீண்ட குட்டி ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

அவற்றில் பெட்டைக்குட்டிகள் அடுத்த ஆவணிக்குப் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் இந்தக் கிடாவையும் மாற்றியாக வேண்டும். அப்பா இப்போதே புதூர்ப் பக்கம் ஒரு கிடாவைப் பார்த்து வைத்திருக்கிறார்.