உங்களுக்குத் தெரியுமா? வேட்டைச் சீசனும் குடோன் கணக்கும்

அமெரிக்காவில் வில், அம்பு, தோட்டா, வேட்டை உடுப்பு என்று செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். கிராக்கி திடீரென்று ஏறினால் அவர்கள் காட்டில் மழை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் ஏறிய கிராக்கியை நம்பிக் குவித்த சரக்கு, கிராக்கி இறங்கிய பிறகு முதலையே விழுங்கிவிடும். வேட்டை நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, சீசன் வியாபாரம் செய்யும் எவரும் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இதில் இருக்கின்றன.

ஒன்பது நாள் சந்தை

விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கிய சீசன் ஒன்பதே நாள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அதற்கான ஆரஞ்சு நிற மேல்சட்டைக்கும் கையுறைக்கும் அந்த வருட ஜனவரியிலேயே ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். லாஸ் வேகாஸில் நடக்கும் 'ஷாட் ஷோ', வில் வியாபாரிகளின் 'ஏடிஏ ஷோ' என்ற இரண்டு பெரிய வணிகக் கண்காட்சிகளும் ஜனவரியில்தான். பிறகு தைத்து, கோடையில் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் பணம் கட்டுவது பெரும்பாலும் சீசன் நெருங்கும்போது அல்லது முடிந்த பிறகு. இந்தத் தவணை ஏற்பாட்டை அங்கே 'டேட்டிங்' என்கிறார்கள். மாதக்கணக்கில் முதல் வெளியே நிற்கும். வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

வரி முந்தும், பணம் பிந்தும்

1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத உற்பத்தி வரி உண்டு. 1972-இல் வில் சாமான்களும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தன. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது, நல்ல ஏற்பாடு. வரியைக் கட்டுவது கடைக்காரரோ வேட்டைக்காரரோ அல்ல, தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். குடோனில் கிடக்கும் சரக்குக்கு வரி இல்லை, விற்றவுடன் உண்டு. ஆகவே தவணையில் சரக்குக் கொடுத்த சிறு வில் தயாரிப்பாளர், தன் கைக்குக் காசு வரும் முன்பே வரியைக் கட்டும்படி நேர்கிறது. விற்பனை கூடக்கூட இந்த இடைவெளியும் பெருகும். ஆர்டர் குவிந்த வருடத்தில் கைச்செலவுக்குக் கூடத் தட்டுப்பாடு வருவது இதனால்தான்.

ஒரே ஒரு ஆர்டர்!

1961. நெப்ராஸ்கா மாநிலத்தின் சாப்பல் என்ற சிற்றூர். டிக் காபெலா என்பவர் தன் குடும்பத்தின் மரச்சாமான் கடைக்குச் சரக்கு எடுக்க சிகாகோ போனார். திரும்பும்போது 45 டாலருக்கு மீன்பிடிக்கும் செயற்கை ஈக்களையும் வாங்கி வந்தார். அண்டை மாநிலமான வயோமிங்கின் காஸ்பர் நகரப் பத்திரிகையில் '12 ஈ ஒரு டாலர்' என்று விளம்பரம் கொடுத்தார். வந்தது ஒரே ஒரு ஆர்டர். அவர் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளவில்லை, விளம்பரத்தை மாற்றினார். ஐந்து ஈ இலவசம், தபால் செலவுக்கும் கையாளும் செலவுக்கும் மட்டும் 25 சென்ட் என்று நாடு முழுதும் போகும் பத்திரிகையில் போட்டார். கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொரு பொட்டலத்துடனும் வேறு சாமான்களின் பட்டியல் போனது. மனைவி மேரி, வாங்கியவர்களின் பெயரையும் முகவரியையும் அட்டைகளில் எழுதி வைத்தார். சமையலறை மேஜையில் நடந்த இந்த வியாபாரம்தான் வேட்டை, மீன்பிடிச் சாமான்களில் மாபெரும் பெயரான 'காபெலாஸ்' ஆனது. 2017-இல் பாஸ் புரோ நிறுவனம் அதை வாங்கியது. அந்த அட்டைகளை நான் பெரிதாக மதிக்கிறேன். யார் வாங்குவார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு வாங்கிப் போடலாம் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

ஒன்று குறைந்தால் மூன்று முடங்கும்

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, வெடிமருந்து, முனையில் ஈயமோ தாமிரமோ சேர்ந்த குண்டு, அடியில் பொறி உண்டாக்கும் சின்னஞ்சிறு 'பிரைமர்'. சிறு நிறுவனங்கள் முதல் மூன்றையும் எங்காவது தேடிப் பிடித்துவிடும். பிரைமர் அப்படியல்ல. அமெரிக்காவில் அதைப் பெருமளவில் செய்தவை சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர் என்ற நான்கு பெயர்கள்தாம். நான்கும் தோட்டாவும் விற்பவை. அதாவது, சிறியவர்கள் தங்கள் போட்டியாளரிடமே மூலப்பொருள் வாங்க வேண்டும்.

2019-இல் துப்பாக்கி தொடர்பாக எஃப்பிஐ அமைப்பின் வழியே நடந்த பின்னணிச் சோதனைகள் சுமார் 2.84 கோடி. கொரோனா வந்த 2020-இல் அது 3.97 கோடி ஆனது. தோட்டாவுக்குக் கிராக்கி எகிறியது. பெரிய ஆலைகள் பிரைமரை முதலில் தங்கள் தோட்டாவுக்கே வைத்துக்கொண்டன; அவர்கள் நிலையில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அதே வருடம் ரெமிங்டன் திவாலாக, அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வாங்கியது. அதனிடம் ஏற்கெனவே சிசிஐயும் ஃபெடரலும் இருந்தன. நான்கில் மூன்று ஒரே கையில்! (2024 நவம்பரில் அந்தத் தோட்டா வியாபாரம் முழுதும் செக் நாட்டுக் குழுமம் ஒன்றின் கைக்குப் போனது.) பிரைமர் வராத சிறு பட்டறையில் பித்தளைக் கூடும் குண்டும் வெடிமருந்தும் பணம் கொடுத்து வாங்கிய நிலையில் அப்படியே கிடக்கும். எது கிடைக்கிறதோ அதை வாங்கிக் குவிப்பது பத்திரம் போலத் தோன்றும். எது கிடைப்பது அரிதோ, அது கிடைக்கும் அளவுக்கு மட்டும் மற்றவற்றை வாங்குவதே பிழைக்கும் வழி.

பொய்க் கிராக்கி

தட்டுப்பாடு வந்தால் ஒரு கடைக்காரர் பத்துப் பெட்டி வேண்டியிருக்க, மூன்று மொத்த வியாபாரிகளிடம் பத்துப் பத்தாகச் சொல்லி வைப்பார். ஒருவரிடமிருந்து சரக்கு வந்ததும் மற்ற இரண்டையும் ரத்து செய்துவிடுவார். தயாரிப்பாளரின் புத்தகத்தில் பதிவது முப்பது. அதை நம்பிப் புது எந்திரம் வாங்கினால் என்ன ஆகும்? ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று பேராசிரியர்கள் 1997-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், ஆர்டர்கள் கடையிலிருந்து ஆலை நோக்கிப் போகப் போக ஏற்ற இறக்கம் பெருகுவதற்கு இதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன மருந்து எளிது: சரக்கு குறைவாக இருக்கும்போது, கேட்ட அளவைப் பார்த்துப் பங்கிடாதே, போன வருடங்களில் உண்மையாக விற்ற அளவைப் பார்த்துப் பங்கிடு. இதோடு திருப்பித் தராத முன்பணமும் கேட்டால் பாதி ஆர்டர்கள் தாமாகவே சுருங்கும்.

தேர்தலை நம்பிய குடோன்

2016 அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் ஜெயிப்பார், துப்பாக்கிச் சட்டம் இறுகும், மக்கள் முந்திக்கொண்டு வாங்குவார்கள் என்று அந்தத் துறையில் பலர் கணக்குப் போட்டார்கள். டிரம்ப் ஜெயித்தார். பயம் போனது, கிராக்கியும் போனது. வேட்டைச் சாமான்களை மொத்தமாக விநியோகித்த யுனைடெட் ஸ்போர்ட்டிங் கம்பெனீஸ் நிறுவனம் 2019 ஜூனில் திவால் மனு கொடுத்தபோது, தேர்தலுக்கு முன் குவித்த சரக்கைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. இன்னொரு விநியோக நிறுவனமான அக்குஸ்போர்ட் 2018-லேயே திவாலாகியிருந்தது. இவை சிறிய நிறுவனங்களே அல்ல. பெரிய குடோனே தாங்காத அடியைச் சிறியது எப்படித் தாங்கும்?

பாதியில் நிறுத்திய அம்பு

அம்பின் கார்பன் தண்டில் 300, 340, 400, 500 என்று ஓர் எண் இருக்கும். தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கான அளவு அது. 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், 400 எண் தண்டு 0.4 அங்குலம் வளையும். வில்லின் விசைக்கும் ஆளின் கை நீளத்துக்கும் ஏற்ப எண்ணும் மாறும், நீளமும் மாறும். பிறகு இறகின் நிறம், முனையின் எடை. எல்லாச் சேர்க்கையிலும் முடிந்த அம்பாக வாங்கி வைத்தால் சிறு கடை மூழ்கிவிடும். ஆகவே வெறும் தண்டை நாலைந்து எண்களில் வைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் வந்ததும் வில்லை இழுக்கச் சொல்லி அளந்து, சிறு ரம்பத்தில் தண்டை வெட்டி, முனையைப் பதித்து, இறகை ஒட்டித் தருகிறார்கள். எந்த அம்பு விற்கும் என்று யாரும் முன்கூட்டி ஊகிக்கத் தேவையே இல்லை.

ஒரே வில், எல்லாச் சிறுவருக்கும்

2012-இல் 'ஹங்கர் கேம்ஸ்' படம் வந்தபோது சிறுவர் சிறுமியர் வில்வித்தைக்கு மொய்த்தார்கள். அவர்கள் கேட்டது லேசான பயிற்சி வில்; மான் வேட்டைக்கான கனத்த வில்லை அல்ல. அந்த அலையை நம்பி வேட்டை வில்லை வாங்கிப் போடுவது வீண். மேத்யூஸ் நிறுவனத்தின் 'ஜெனிசிஸ்' வில் இதற்கு அழகான விடை: 15 முதல் 30 அங்குலம் வரை நாணை எவ்வளவு இழுப்பவருக்கும் ஒரே வில் பொருந்தும். 2002-இல் கென்டக்கியில் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டம் இதையே பயன்படுத்துகிறது.

சட்டம் திறந்த கதவும் மூடிய கதவும்

2016-இல் விஸ்கான்சின், ஆரஞ்சுக்குப் பதிலாகப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு உடுப்பும் வேட்டையில் அணியலாம் என்று சட்டம் போட்டது. ஒரே கையெழுத்தில் புதுச் சந்தை! அதே வருடம் வெர்மாண்ட் மாநிலம், மான்களை ஈர்க்க வேட்டைக்காரர்கள் தெளிக்கும் இயற்கை மான் சிறுநீரைத் தடை செய்தது. மான்களை அழிக்கும் நோய் பரவாமல் தடுக்கவே இந்தத் தடை, நியாயமானது. ஆனால் அலமாரியில் இருந்த பாட்டில்களுக்கு அந்த மாநிலத்தில் அதோடு விலை இல்லை.

கருத்து ஒத்தால் இப்போதே, ஒவ்வாவிட்டால் பிறகு

இது வேட்டை அல்ல, பனிச்சறுக்கு உடை, கணக்கு ஒன்றே. கொலராடோவின் ஆஸ்பென் நகரில் இயங்கும் ஸ்போர்ட் ஓபர்மேயர் நிறுவனத்தின் முறை 1994-இல் ஹார்வர்ட் பத்திரிகையில் வெளியானது. கொள்முதல் குழுவினர் கூடிப் பேசி ஒரே எண்ணுக்கு வராமல், தனித்தனியாக மதிப்பீடு எழுதித் தருவார்கள். எல்லார் எண்ணும் நெருங்கி வந்த உடுப்பை முன்பே தைக்கலாம். எண்கள் விலகி நிற்கும் உடுப்பை, முதல் ஆர்டர்கள் வரும்வரை நிறுத்தி வைக்கலாம்.

எத்தனை வாங்கலாம்?

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888-இல் வங்கி இருப்புக்காகப் போட்ட கணக்கு அதன் வேர். ஓர் ஆரஞ்சு மேல்சட்டை அடக்கம் 10 டாலர், விலை 25, சீசனுக்குப் பின் தள்ளிவிட்டால் 4 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று குறைந்தால் 15 டாலர் லாபம் போகும். ஒன்று மிஞ்சினால் 6 டாலர் நட்டம். 15-ஐ, இரண்டும் சேர்ந்த 21-ஆல் வகுத்தால் 0.71. நூறு சீசனில் 71-க்குப் போதுமான அளவு வாங்கலாம். கிராக்கி எகிறி, விமானத்தில் அவசரமாக வரவழைத்து அடக்கம் 16 ஆனால், லாபம் 9, நட்டம் 12. இப்போது வருவது 0.43. சட்டைக்கு ஆள் வரிசையில் நிற்கும்போதும், பாதிக்கு மேற்பட்ட சீசன்களில் சரக்கு தீர்ந்து போகும் அளவுக்கே வாங்க வேண்டும்.