பழைய என்ஜின்: புதையலா? வெறும் இரும்பா?

வட சென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது டோல்கேட். பெயர்தான் அந்தக் காலத்துச் சுங்கச்சாவடியின் பெயர். 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மெட்ரோ ரெயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் அதே பெயரையே வைத்தார்கள்.

தெற்கே போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வடக்கே போனால் எண்ணூர். நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். கடலில் ஓடுவதும் டீசல் என்ஜின். கரையில் ஓடுவதும் டீசல் என்ஜின்!

இரண்டுக்கும் உறவும் உண்டு. சென்னையில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. எண்ணூர்த் தொழிற்சாலையில் இருந்து லாரிகளும் பஸ்களும் வந்தன. அந்த லாரி என்ஜின்களின் இனத்தைச் சேர்ந்தவையே காசிமேட்டு விசைப்படகுகள் பலவற்றிலும் ஓடுகின்றன. ஆகவே லாரியில் இருந்து இறக்கிய பழைய என்ஜின் என்றால், படகுக்காரரும் ஓடிப்போய்ப் பார்க்கிறார்.

61 நாள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக்கூடாது. மீன் இனம் பெருகும் காலம் அது. 45 நாளாக இருந்த தடை, 2017-ல் 61 நாளாக உயர்ந்தது.

இந்த நாட்களில் படகு கரை ஏறும். என்ஜினைப் பிரிப்பார்கள். அப்போதுதான் தலையில் இடி விழும். கிராங்க் போய்விட்டது என்பார் மெக்கானிக்!

புதிய கிராங்க் வாங்கப் பணம் இல்லை. வருமானமும் இரண்டு மாதமாக இல்லை. பழைய என்ஜின் ஒன்றை வாங்கி, அதில் உள்ளதைக் கழற்றிப் போடலாமா? வாங்கலாம். தப்பாக வாங்கினால், வட்டிக்கு வாங்கிய பணம் காயலான் கடையில் இரும்பாகக் கிடக்கும்.

என்ஜினுக்கு உள்ளே என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்ப் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதுதான் காரணம். டீசல் என்ஜினின் ரகசியமும் அதுவே. பிஸ்டன் மேலே வந்து காற்றை நெருக்குகிறது. காற்று நெருப்பாகக் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானாகத் தீப்பிடிக்கிறது. இப்படி ஓர் என்ஜினை ஜெர்மனியில் ருடால்ப் டீசல் என்பவர் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார்.

அந்த அழுத்தத்தைத் தாங்கும் உடம்பு, பிளாக். மேலே மூடி, ஹெட். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க். டீசலை அளந்து அனுப்புவது பம்ப்.

பழைய என்ஜினில் விலை பெறுபவை இந்த நான்குதான். பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் எல்லாம் தேயும் சாமான்கள். அவற்றைப் புதிதாகப் போடுவதே நல்லது. "பிஸ்டன் நல்லா இருக்கு அண்ணே" என்று விற்பவர் சொன்னால், அதற்காக ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டியதில்லை.

செவுளைத் தூக்கிப் பார்!

மீன் வாங்கும் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். என்ஜினுக்குச் செவுள், ஆயில் குச்சி. அதை உருவிப் பார்த்தால் கறுப்பாக இருக்கலாம். குற்றமில்லை. ஆனால் பால் கலந்த காப்பி போல இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட்டோ பிளாக்கோ விரிசல் கண்டிருக்கலாம். வெறும் கேஸ்கட் போயிருக்கவும் கூடும். பிரித்தால்தான் தெரியும்.

ஓடும் என்ஜின் என்றால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளாக்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய என்ஜின்தான் உண்மை பேசும். ஓடும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்தவை. அதனால் பயம் இல்லை. எப்படியும் மாற்றப்போகும் சாமான்தானே!

ஓடாத என்ஜின் என்றால், கிராங்க் முனையில் உள்ள நட்டில் பெரிய ஸ்பானரைப் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். தண்ணீர் இறங்கி ரிங் துருப்பிடித்து லைனரோடு ஒட்டியிருக்கலாம். அது பிழைக்கும். ஆயில் இல்லாமல் ஓடி, பேரிங் உருகிக் கிராங்கைக் கவ்வியிருக்கலாம். அப்படியானால் கிராங்குக்காக அந்த என்ஜினை வாங்குவது வீண்.

எது என்று எப்படித் தெரியும்? அடியில் உள்ள சம்பைக் கழற்ற வேண்டும். பேரிங் மூடி ஒன்றை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்த கிராங்க். சம்பின் அடியில் மினுமினுக்கும் பொடி கிடந்தால், அது பேரிங்கின் சாம்பல்!

சம்பைத் திறக்க விடமாட்டேன் என்று விற்பவர் அடம் பிடித்தால், அந்த என்ஜினுக்கு இரும்பு விலைதான். அதற்கு மேல் ஒரு காசும் பேசக்கூடாது.

எத்தனை தடவை கடைந்தது?

தேய்ந்த கிராங்கைப் பட்டறையில் கடைந்து வழவழப்பாக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மெலியும். பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கும். அதற்கு ஏற்றபடி தடித்த பேரிங் போட வேண்டும். கம்பெனி சொன்ன கடைசி அளவுக்குப் போய்விட்டால், பிறகு கடைய இடம் இல்லை.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். பழைய பேரிங்கின் முதுகிலும் அளவு பொறித்திருக்கும். கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது பழைய மேஸ்திரிகளின் வழக்கம். மணி போல ஒலித்தால் நல்லது. உடைந்த சட்டி போல ஒலித்தால் விரிசல். ஹெட்டுக்கு வேறு சோதனை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுவார்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் எண்ணெய் கசிந்து தெரியும்.

கடல் நீரால் குளிர்ந்து ஓடிய படகு என்ஜின் என்றால் பிளாக்கில் கண் வைக்க வேண்டும். தண்ணீர் ஓடும் துளைகளை உப்பு அரித்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். மின்னணுக் கருவியால் இயங்கும் இந்தக் காலத்து என்ஜின்கள் வேறு ஜாதி. அவற்றின் பம்பையும் நாசிலையும் கையால் தடவி மதிப்பிட முடியாது.

கணக்கு

எண்கள் உதாரணத்துக்குத்தான். விலை நாளுக்கு நாள் மாறும். புதுப்பேட்டையில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விற்பவர் 60 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். என்ஜின் 500 கிலோ. உங்களுக்கு வேண்டியது கிராங்கும் ஹெட்டும். பழைய கிராங்க் தனியாக 20 ஆயிரம், ஹெட் 15 ஆயிரம் என்றால் மொத்தம் 35 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 150 கிலோ போக, மிச்சம் 350 கிலோ. காயலான் கடையில் கிலோ 30 ரூபாய் என்றால் 10 ஆயிரத்து 500. ஆக 45 ஆயிரத்து 500. டெம்போ வாடகை, பிரிக்கும் கூலி 5 ஆயிரம் போனால் நிற்பது 40 ஆயிரத்து 500.

அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம்!

"பம்பும் நல்லா இருக்கே" என்பார் விற்பவர். உங்கள் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பம்ப் உங்களுக்குச் சரக்கு அல்ல. அதை வாங்க ஓர் ஆள் கையில் இருந்தால் மட்டும் கணக்கில் சேர்க்கலாம். வேண்டாத சாமானை, "பிற்பாடு விற்றுக்கொள்ளலாம்" என்று விலை போட்டு ஏமாறுகிறவர்களே அதிகம்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் பிளாக்கில் பொறித்த நம்பரைப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு என்ஜின்களுக்கு போல்ட் துளை மாறும். உங்கள் என்ஜினின் நம்பரோடும் பாகத்தின் நம்பரோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். நம்பரை ராவி அழித்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடப்பது நல்லது. திருட்டு வண்டி என்றால் போலீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். ரசீது கட்டாயம் வேண்டும்.

நாளையும் எண்ண வேண்டும். வாங்கிய கிராங்கைப் பட்டறையில் கடைந்து, அளவுக்குப் பேரிங் தேடி, பூட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். மே மாதத்துக்குள் வாங்கியவருக்கு இதற்கெல்லாம் அவகாசம் உண்டு. ஜூன் இரண்டாம் வாரம் வரை பேரம் பேசிக்கொண்டிருந்தால், ஐந்தாயிரம் குறைத்து வாங்கிய படகு, 15-ந் தேதி மற்ற படகுகள் கடலுக்குப் போகும்போது கரையில் நிற்கும்.