மின்தேக்கியும் மின்கலமும்

ஏரியில் நீரைத் தேக்குவது போல மின்னாற்றலையும் தேக்கி வைக்கலாம். அதற்கான கருவியே மின்தேக்கி. ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் 1746ஆம் ஆண்டில் புகழ்பெற்ற 'லைடன் சாடி' என்னும் கண்ணாடிக் குடுவையே இதன் மூதாதை.

இதன் அமைப்பு மிக எளியது. இரண்டு உலோகத் தகடுகள். அவற்றினிடையே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள். தகடுகளை மின்கலத்துடன் இணைத்தால், மின்கலம் ஒரு தகட்டிலிருந்து எலெக்ட்ரான்களை எடுத்து மற்றொன்றில் சேர்க்கிறது. எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பியின் வழியே செல்கின்றனவே அன்றி, இடைப்பொருளைக் கடப்பதில்லை. மின்னூட்டம் சேரச் சேரத் தகடுகளுக்கிடையே மின்னழுத்தம் உயர்ந்து, மேலும் வருவதைத் தடுக்கிறது. அது மின்கலத்தின் அழுத்தத்திற்குச் சமமானதும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. ஆற்றலோ தகடுகளுக்கிடையே உள்ள மின்புலத்தில் தங்குகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போமா? 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கியை 10 வோல்ட் மின்கலத்துடன் இணைத்தால் 0.01 கூலூம் மின்னூட்டம் சேரும். மின்கலம் செலவிட்டது 0.1 ஜூல், மின்தேக்கியில் சேர்ந்ததோ 0.05 ஜூல்தான்! மீதிப் பாதி, கம்பியின் மின்தடையில் வெப்பமாகிவிடுகிறது. மின்தடையை மாற்றினால் ஏறும் நேரம் மாறுமே தவிர, இந்தப் பாதிக் கணக்கு மாறாது.

அப்படியானால் மின்கலமே போதாதா? போதாது. மின்கலம் மெல்லத்தான் ஆற்றலைத் தரும். மின்தேக்கி நொடிப்பொழுதில் கொட்டிவிடும். இதயம் சீர்குலைந்து துடிக்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் மின்அதிர்ச்சி தருகிறார்கள் அல்லவா? அக்கருவியின் உயிர்நாடி மின்தேக்கியே. 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கியை 2000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 200 ஜூல் ஆற்றல் சேரும். மின்கலம் சில நொடிகளில் சேர்த்ததை அது ஒரு நொடியின் சிறு பின்னத்தில் நெஞ்சின் வழியே செலுத்துகிறது. நிற்கவிருந்த உயிர் மீள்கிறது.

உயிர் காக்கும் இதே ஆற்றல், கவனக்குறைவாகத் தொடுபவரின் உயிரைப் பறிக்கவும் கூடும். மின்இணைப்பைத் துண்டித்த பின்னும் கருவிகளுக்குள் உள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே தோழியரே, பொத்தானை அணைத்துவிட்டோமே என்று எண்ணி எந்த மின்கருவியையும் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள்!