அப்பாச்சிப் பாதை: ஒரு பாலை நெடுஞ்சாலையின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள அப்பாச்சிப் பாதை, எழில்மிக்க பாலை நெடுஞ்சாலையென உல்லாசப் பயணிகளால் போற்றப்படுவது. எனினும், அது காட்சியின்பத்துக்காக அமைக்கப்பட்டதன்று. அணைக்கட்டொன்றை அமைப்பதற்கான பொருள்களைக் கொண்டுசெல்லவே அது வெட்டப்பட்டது. அதனை வெட்டியோர் யாவர், அதன் பயனைப் பெற்றோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காணுமிடத்தே அப்பெயரின் முழுப் பொருளும் புலனாகும்.

பீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே, சுப்பர்ஸ்ரிஷன் மலைகளின் அடிவாரத்தில் அமைந்த அப்பாச்சி ஜங்ஷனிலிருந்து இச்சாலை வடகிழக்கே ஏறத்தாழ 40 மைல் சென்று றூஸ்வெல்ற் அணையை அடைகிறது. சொனோரன் பாலைவனத்துக்குரிய நெடிய சகுவாரோக் கள்ளிகள் வழியெங்கும் நிற்கின்றன. கன்யன் ஏரியையும் ரோற்றிலா பிளற் என்னும் சிற்றூரையும் கடந்து சிறிது தூரத்தில் தார்ச்சாலை முடிந்து மண்சாலை தொடங்குகிறது. பிஷ் கிறீக் குன்றிலே, ஒரு வாகனம் மட்டுமே செல்லத்தக்க ஒடுங்கிய சாலை, செங்குத்தான பாறைச்சரிவை ஒட்டிப் பள்ளத்தாக்கினுள் இறங்குகிறது.

சோல்ற் ஆற்றுச் சமவெளியின் வேளாண்மை, வெள்ளத்தாலும் வறட்சியாலும் மாறிமாறிப் பாதிக்கப்பட்டு வந்தது. 1902ஆம் ஆண்டு நிறைவேறிய நிலமீட்புச் சட்டம், கூட்டரசின் நிதியில் நீர்ப்பாசனத் திட்டங்களை மேற்கொள்ள வழிவகுத்தது. அதன்கீழ் மலைகளிடையே அணைகட்டத் தெரிவுசெய்யப்பட்ட இடத்துக்குச் சமவெளியிலிருந்து வண்டிப்பாதை இருக்கவில்லை. ஆகவே அணைக்கு முன்னர் சாலை தேவைப்பட்டது. 1903க்கும் 1905க்கும் இடையே அது வெட்டப்பட்டது. அவ்வேலையில் பெருந்தொகையாக ஈடுபட்டோர் அப்பாச்சி மக்கள் ஆவர்.

இம்மக்கள் அங்கு கூலிகளானமை தற்செயலன்று. 1872 டிசம்பரில் சோல்ற் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குகையொன்றில் ஒளிந்திருந்த யவபாய் மக்களுள் ஏறத்தாழ 75 பேரை அமெரிக்கப் படையினர் கொன்றனர். 1875இல் யவபாய்களும் ரொன்ரோ அப்பாச்சிகளும் கடுங்குளிரில் கால்நடையாகச் சான் கார்லோஸ் ஒதுக்கிடத்துக்கு விரட்டப்பட்டனர். வேட்டைக்காடும் விளைநிலமும் இழந்தோருக்குக் கூலியுழைப்பே எஞ்சியது. முப்பது ஆண்டுகளின் பின், தம் முன்னோர் நடந்த மலைகளிலேயே அவர்கள் பாறை பிளந்தனர். சாந்தின்றிக் கல்லடுக்கித் தாங்குசுவர் எழுப்பிய அவர்தம் திறனைப் பொறியியலாளர் பாராட்டினர்.

1911 மார்ச்சில் அணை திறக்கப்பட்டது. தேக்கிய நீர் பீனிக்ஸ் சமவெளியை வளமாக்கியது. சாலையோ புதிய சந்தையொன்றைக் கண்டது. சதேர்ண் பசிபிக் புகையிரதக் கம்பனி அதனை ‘அப்பாச்சிப் பாதை’ எனப் பயணிகளிடையே விளம்பரப்படுத்தியது. இங்ஙனம் நிலம் பறிக்கப்பட்டோரின் பெயர் விற்பனைப் பண்டமாகியது. ஆனால் அதே மாநிலத்தில் ஒதுக்கிடங்களில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் வாக்குரிமையை அரிசோனா உயர் நீதிமன்றம் 1948இலேயே ஏற்றது. அவ்வழக்கைத் தொடுத்தோர் போட் மக்டவல் ஒதுக்கிடத்தைச் சேர்ந்த யவபாய் மக்கள் என்பது இங்கு கருதத்தக்கது.

2019 ஜூனில் சுப்பர்ஸ்ரிஷன் மலைகளில் பரவிய காட்டுத்தீ தாவரப் போர்வையை அழித்தது. அடுத்துப் பெய்த கடுமழை மண்ணையும் கல்லையும் அடித்துவர, பிஷ் கிறீக் பகுதியின் சாலை சிதைந்து பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. அச்சாலையைப் பேணுதல் பற்றிப் பேசுமிடத்து, ஏரியும் மலைமுகடும் மட்டுமன்றி, அதனைத் தாங்கிய கைகளும் அதன் வரலாற்றுச் செல்வமாகக் கொள்ளப்படல் வேண்டும்.