வலைக்கு ஏன் ஈயக்குண்டு?

பாம்பன் கரையில் வீச்சுவலை குடையாக விரிந்து விழுந்ததும், விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள் மீன் நழுவுமுன் வலையைக் கடலடித் தரைக்கு இழுக்கின்றன. ஈயம் தண்ணீரைவிட 11.3 மடங்கு கனம், இரும்பு 7.9 மடங்குதான். ஆகவே சின்னக் குண்டே போதும். 327 டிகிரி செல்சியஸில் ஈயம் உருகிவிடும். இரும்புக்கு 1,538 வேண்டும். பழைய ஈயத்தை விறகடுப்பிலேயே உருக்கி வார்த்துக் காசு மிச்சம்பிடிக்க முடிவது இதனால்தான்.

ஆனால் வீட்டு அடுப்பில் வேண்டவே வேண்டாம். அச்சில் ஒரு சொட்டு ஈரமிருந்தாலும், அது நொடியில் ஏறத்தாழ 1,600 மடங்கு நீராவியாகப் பெருத்து, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். அதைவிடக் கொடியது மேலே படியும் கசடு. அதன் தூசு கையில் ஒட்டி, சோற்றோடு உள்ளே போகும். சுண்ணாம்புச்சத்து சேரவேண்டிய எலும்பில் ஈயம் போய்த் தங்கும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மிச்சம்பிடித்த காசு அதைத் திருப்பித் தராது. கடையில் வார்த்த குண்டையே வாங்குங்கள். கோத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.