காதுவலி மண்டையோட்டின் அடிவரை போகலாம்



சீனி வியாதி உள்ள வயதானவர்களுக்குக் காதுவலி வந்தால் நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது. சூடோமோனாஸ் என்ற கிருமி காதுத் துவாரத்தில் தொற்றி, மண்டையோட்டின் அடி எலும்புக்கும் பரவலாம். 1968இல் சாண்ட்லர் என்ற வைத்தியர் இந்த வியாதியை விவரித்து எழுதினார். இது புற்றுநோய் அல்ல; ஆனால் உயிருக்கே ஆபத்தானது.

மூளையிலிருந்து வரும் 12 சோடி நரம்புகளில் அநேகமானவை அந்த அடி எலும்பின் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. எலும்பு கெட்டால் நரம்பும் கெடும். பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது காதுக்குக் கீழே வெளிவரும் 7ஆம் நரம்பு. வாய் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது. 9 முதல் 12 வரையான நரம்புகள் பாதிக்கப்பட்டால் விழுங்குவது கஷ்டம், குரல் கம்மும், தோள் தூக்க வராது, நாக்கு ஒரு பக்கம் சாயும். "காத்து பட்டிருச்சு" என்று மந்திரித்துக்கொண்டிருந்தால் வியாதி முற்றிவிடும்.

ராத்திரியில் தூங்கவிடாத காதுவலி, சீழ் வடிதல் இருந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள். சீனி வியாதி இருப்பதையும் சொல்லுங்கள். மருந்து ஆறு வாரமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டிவரும். வலி நின்னுபோச்சு என்று நடுவில் விடாதீர்கள். சீனியையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். கொண்டை ஊசி, நெருப்புக்குச்சி விட்டுக் காது குடையாதீர்கள்; சுடுஎண்ணெயும் ஊற்றாதீர்கள்.

1977 கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். வட்டக்கச்சியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை அவர்களுக்குப் பக்கம்தான்.